ஹல்மேலாவுக்கு ஒரு மௌனம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ரஞ்சினியக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து களவெடுத்தேன். முழுவதையும் இல்லை, ஒரே ஒரு சொல்லைத்தான். மிச்சமெல்லாம் என் சொந்தச் சரக்கு. சொந்தச் சரக்குத்தானா என்று இப்போது எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

போன ஞாயிறு மத்தியானம் அந்த மேசையில் நாங்கள் நான்கு பேர். இராசலிங்கம் அண்ணை நகரப் பேருந்து ஓட்டுகிறவர், எங்கள் ஊர் ஐஸ் ஹொக்கிக் குழுவின் ஆட்டங்களை இருபத்தாறு வருடமாக நின்றபடியே பார்த்து வருபவர். அவருடைய மனைவி ரஞ்சினியக்கா ஆஸ்பத்திரித் தாதி. ஐஸ் ஹொக்கி என்றால் அவருக்கு வெள்ளிக்கிழமை பியர் நாற்றத்தோடு சலவைக்கு வரும் சால்வை, அவ்வளவுதான். அஷ்வின் கோயம்புத்தூரில் இருந்து வந்த மென்பொருள் பொறியாளர். நான்காவது ஆள் கஜந்தி, அதாவது நான். அண்ணைக்கு இடப்பக்கம் நின்று ஆட்டம் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து கதை எழுதுவேன்.

(ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். ஊர் தெரிந்தால் குழு தெரியும், குழு தெரிந்தால் ஆட்டக்காரர் தெரிந்துவிடுவார். ஜெர்மனியில் நிறைய மழை பெய்கிற ஓர் ஊர். இது ஒரு விவரமே இல்லை என்பது எனக்கும் தெரியும்.)

2

தொடக்கம் ஒன்று: பனித்தளத்தின் வெண்மை ஒரு பழைய...

வேண்டாம். ஐஸ் வெள்ளையாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தொடக்கம் இரண்டு: ஈரோ ஹல்மேலா பின்லாந்தில் இருந்து வந்து இறங்கிய காலையில் விமான நிலையத்தில்...

நான் விமான நிலையத்துக்குப் போகவே இல்லை.

ஆகவே அந்த மேசைச் சண்டையில் இருந்தே தொடங்குகிறேன். ஹல்மேலா இந்தப் பருவத்துக்கென்று புதிதாக எடுத்த தடுப்பாட்டக்காரர், எண் நாற்பத்தேழு. எதிரணியை மறிப்பதுதான் அவர் வேலை. அவர் மறிக்கவில்லை.

"அண்ணா, டேட்டா பொய் சொல்லாது. பதினாலு மேட்ச்ல மைனஸ் லெவன்," என்றான் அஷ்வின்.

(அவர் தளத்தில் நிற்கும்போது எங்கள் ஆள் கோல் போட்டால் ஒன்று கூட்டுவார்கள், எதிரணி போட்டால் ஒன்று கழிப்பார்கள். கணக்கு அவ்வளவுதான். பயந்துவிடாதீர்கள். இந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் ஒரு ரப்பர் வட்டு, அதன் பெயர் பக்.)

"டேட்டாவை விடு தம்பி. நான் கண்ணால பாக்கிறன். பக் அவன்ரை காலடியில கிடக்குது, அவன் நிண்டு யோசிக்கிறான். ஐஸுக்கு மேல நிண்டு ஆரும் யோசிப்பினமே?"

"புது ஆள்தானே அண்ணை. இன்னும் பழகேல்லை," என்றேன் நான். இந்த ஆளுக்காக நான் பரிந்து பேசுவது அண்ணைக்குப் பிடிப்பதில்லை.

"செப்டம்பரில வந்தவன், இப்ப நவம்பர். பழகிறதுக்கு அவனென்ன புது மாப்பிள்ளையே?"

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு திட்டம் இருந்தது. எங்கள் அரங்கில் ஆட்டம் தொடங்குமுன் அறிவிப்பாளர் ஒவ்வொரு ஆட்டக்காரரின் முதற்பெயரைச் சொல்வார். குடும்பப் பெயரை முழு அரங்கும் சேர்ந்து கத்தும். "ஈரோ!" என்றால் மூவாயிரம் பேர் "ஹல்மேலா!" என்போம். இந்தத் தடவை அவர் பெயர் வரும்போது ஏளனமாக விசிலடித்து விரட்டலாம் என்று ரசிகர் மன்றத்து ஜெர்மன்காரர்கள் சொன்னார்களாம். அதைத் தடுத்தவர் இராசலிங்கம் அண்ணை.

"விசிலடிக்கிறது மரியாதையில்லை எண்டு சொன்னன். அவர் பேரைச் சொல்லட்டும், நாங்கள் வாயைத் திறக்காமல் நிப்பம். அவ்வளவுதான். எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. எவ்வளவு பண்பான யோசனை எண்டு ஒருத்தன் கையைப் பிடிச்சுக் குலுக்கினான்."

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

(எங்கள் ஆட்களிடம் கோபத்தின் மரியாதையான வடிவம் இதுதான், கதைக்காமல் விடுவது. கலியாணப் படத்தில் தன்னை ஓரத்தில் நிற்கவைத்தார் என்பதற்காக அண்ணை தன் தமையனோடு பதினொரு வருடம் கதைக்கவில்லை. இரண்டு அடி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தமையன் பிறகு சொன்னாராம். இது எதுவும் அந்த ஜெர்மன்காரர்களுக்குத் தெரியாது.)

அஷ்வின் தொலைபேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினான். "இங்க பாருங்க. ஃபர்ஸ்ட் அஞ்சு மேட்ச் ப்ளஸ் த்ரீ, சூப்பரா ஆடியிருக்கான். அக்டோபர் பதினேழுக்கு அப்புறம் கிராஃப் அப்படியே விழுது. இஞ்சுரி எதுவும் இல்லையே, அன்னைக்கு என்னதான் ஆச்சு..."

ரஞ்சினியக்கா தேங்காய்ப்பால் சொதிச் சட்டியை மேசையில் வைத்தார். கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

"போதும்," என்றார். குசினிக்குள் போய்விட்டார்.

"அவவுக்கு ஹொக்கி எண்டாலே ஒவ்வாமை," என்றார் அண்ணை. நாங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டோம்.

3

அந்தப் "போதும்" வீட்டுக்கு என்னோடு வந்துவிட்டது. இருபத்தாறு வருடமாக இந்தச் சண்டைகளைச் சலிக்காமல் கேட்டவருக்கு அன்றைக்கு என்ன போதுமாயிற்று?

எழுத்தாளர் செய்கிற வேலையை நான் செய்தேன். காரணம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ரஞ்சினியக்கா வேலை செய்வது குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளின் வார்டில். இது உண்மை. அதனால் ஹல்மேலாவின் மனைவிக்கு அக்டோபர் பதினேழாம் திகதி, கர்ப்பத்தின் இருபத்தாறாம் வாரத்தில், பிள்ளை பிறந்தது என்று எழுதினேன். எழுதினேன் என்றுதான் சொல்கிறேன். எவரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

பயிற்சிக்கு முன் ஒவ்வொரு காலையும் அந்தப் பெரிய உடம்புக்காரர் சேர்ட்டுப் பொத்தானைக் கழற்றிவிட்டு வார்டுக் கதிரையில் சாய்ந்திருப்பதாக எழுதினேன். ஒரு கிலோவும் இல்லாத பிள்ளையை ரஞ்சினியக்கா குழாய்களோடு தூக்கி அவர் நெஞ்சில் வைக்கிறார். தன் மூச்சு பிள்ளையை அசைத்துவிடுமோ என்று அவர் மெதுவாக, மெதுவாக மூச்சு விடுகிறார். ஒரு மணித்தியாலம் அப்படி. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போகிறார். ரஞ்சினியக்கா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறார். அங்கே புருசன் அதே மனிதருக்கு மௌனத் தண்டனை ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

ரஞ்சினியக்காவால் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி விஷயம் எதையும் வெளியில் பேசமாட்டேன் என்று கையெழுத்து வைத்தவர். புருசனும் வெளி ஆள்தான்.

[இங்கே ரஞ்சினியக்கா அளவுக்கு மிஞ்சி நல்லவராகிவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் புட்டுப் போட்டுத் தந்த பிளாஸ்ரிக் பெட்டியைத் திருப்பித் தரும்வரை நாலு தடவை போன் எடுத்துக் கேட்பவர். அதைக் கதைக்குள் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கேயே கிடக்கட்டும்.]

4

நேற்று, புதன்கிழமை, அந்தப் பெட்டியோடு இதுவரை எழுதியதையும் கொண்டுபோனேன். அண்ணை பேருந்தில். ரஞ்சினியக்கா குசினி மேசையில் இருந்து இரண்டு தடவை வாசித்தார்.

"இதை ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. சும்மா கற்பனை."

"இதுக்கு நான் ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது."

இல்லாத விஷயமென்றால் அவர் "உமக்கென்ன விசரே" என்று சிரித்திருப்பார்.

"அண்ணையிட்ட மட்டும் சொன்னால் என்ன?"

"ஒரு கதைக்குச் சொல்லுறன். அப்பிடி ஒரு விஷயம் இருந்து, அது இவருக்குத் தெரிஞ்சால், உடனே ஓடிப்போய் எல்லாரையும் நிப்பாட்டுவார். ஏன் எதுக்கெண்டு நூறு பேருக்கு விளக்கமும் சொல்லுவார். நல்ல மனுசன். அதுதான் எனக்குப் பயம். அந்தப் பெடியன் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருக்கிறானெண்டால், அது அவன்ரை விருப்பம்தானே?"

"அப்ப இதை அழிச்சுப் போடட்டே?"

யோசித்தார். "பேரை மாத்தும். நம்பரை, நாட்டை, திகதியை மாத்தும். என்ரை பேரையும்."

மாற்றிவிட்டேன். ஹல்மேலா ஹல்மேலா இல்லை, ரஞ்சினி ரஞ்சினி இல்லை. சொதி மட்டும் சொதிதான்.

வாசல்வரை வந்தவர் கேட்டார்: "கடைசியில நான் என்ன செய்யிறன்?"

"இன்னும் எழுதேல்லை அக்கா."

"எனக்கு வெள்ளிக்கிழமை லீவு," என்றார். பிறகு, "அந்த டிக்கெட்டை எங்க எடுக்கிறது?"

5

இன்று வியாழன். கையில் முடிவுகள் இருக்கின்றன, ஒன்றும் சரியாக இல்லை.

முடிவு அ: ரஞ்சினியக்கா அரங்குக்கு வருகிறார். மூவாயிரம் பேரின் மௌனத்துக்குள் தனியாக "ஹல்மேலா!" என்று கத்துகிறார். அண்ணை திரும்பிப் பார்க்கிறார். பக்குக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரியாத மனைவி ஏன் கத்துகிறாள், எந்த வார்டில் வேலை செய்கிறாள் என்று சேர்த்துப் பார்க்க அவருக்கு அரை நிமிடம் போதும். இடைவேளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

முடிவு ஆ: வருகிறார், கத்தவில்லை. ஹல்மேலா தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் பார்க்கிறார். வாய் மூடிய கூட்டத்தில், காலையில் பிள்ளையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்த பெண்ணும் நிற்கிறார். அவரும்...

இதை முடிக்க என்னால் முடியவில்லை. எழுதும்போது அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

முடிவு இ, அஷ்வின் கொடுத்தது. பிள்ளைக் கதை எதுவும் அவனுக்குத் தெரியாது, நான் ஹொக்கிக் கதை எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். "அக்கா, லாஸ்ட் மினிட்ல அவனையே ஒரு கோல் போட வைங்க. மாஸா இருக்கும்." இருக்கும்தான். கோல் போட்டால் மூவாயிரம் பேரும் எழும்பிக் கத்துவோம், முன்பு செய்ததை மறந்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போவோம். அவ்வளவு சுலபமாக எங்களை விடுவதற்கு எனக்கு மனமில்லை.

முடிவு ஈ: நான் கத்துகிறேன். இதில் தடையே இல்லை. நான் எங்கும் கையெழுத்து வைக்கவில்லை, அவருக்காக எப்போதும் பரிந்து பேசுகிறவளும் நான்தான். நிச்சயமாகக் கத்துவேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அத்தனை பெரிய அரங்கில் ஒரே ஒரு கீச்சுக் குரல். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை அவருக்கு அது இன்னும் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். ஒரு குரல் போதாது.

6

அதற்குத்தான் இவ்வளவு நேரமாக உங்களை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள்.

நீங்கள் வாசிக்கும் நேரம் உங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை எத்தனையோ போயிருக்கும். கதைக்குள் நான் விட்டால்தான் வெள்ளிக்கிழமை வரும். இப்போது விடுகிறேன்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இராசலிங்கம் அண்ணை கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், தான் ஒரு பண்பான காரியம் செய்வதாக நம்பிக்கொண்டு. அஷ்வின் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டான். அண்ணையின் வலப்பக்கம், அவருடைய பழைய சால்வையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ரஞ்சினியக்கா. முன்னால் உள்ள தடுப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறார். உதடுகளையும் இறுக்கித்தான் வைத்திருக்கிறார். நான் இந்தப் பக்கம். பின்படியில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஐஸ் ஹொக்கி தெரிய வேண்டியதில்லை, அவருடைய குடும்பப் பெயர் தெரிந்தால் போதும். ஏன் கத்தினீர்கள் என்று எவராவது கேட்டால் காரணத்தைச் சொல்லாதீர்கள். எங்கள் ஆள், கத்தினேன் என்று மட்டும் சொல்லுங்கள். நான் தந்த பெயர் பொய்ப் பெயர்தான், பரவாயில்லை. யாரைக் கூப்பிடுகிறோம் என்று ஒருவருக்கு விளங்கும்.

ஆட்டக்காரர்கள் தளத்துக்கு வரும் சுரங்க வாசலில் அவர் தலை குனிந்து நிற்கிறார். அறிவிப்பாளர் ஒலிவாங்கியை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"எண் நாற்பத்தேழு. ஈரோ..."