பதினோரு டன் மாரியப்பன்

பதினான்கு வருடம் நான்கு மாதம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்த அன்று மாரியப்பனின் எடை பதினோரு டன் இருநூற்று நாற்பது கிலோ. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், இடுப்பளவு முப்பது, முகத்தில் ஒரு வாரத்து நரைத்த தாடி. அவரைக் கூட்டிப்போக வந்த ஆட்டோவில் அவர் ஒரு காலை வைத்ததுமே பின்சக்கரம் இரண்டும் வெடித்தன. அதனால் அவருடைய தங்கை மலர் துறைமுகத்துக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த கன்டெய்னர் டிரெய்லர் ஒன்றை நிறுத்தி, டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் வழியில் ஓர் எடைமேடையில் வண்டியை ஏற்றிப் பார்த்தான். சீட்டைக் கையில் வாங்கியவன் மாரியப்பனை டிரெய்லரின் நடுப்பகுதிக்கு நகர்ந்து உட்காரச் சொன்னான். பாரம் ஒரு பக்கமாக இருந்தால் வளைவில் வண்டி சாயும்.

சிறைக்குப் போகும்போது அவருக்கு அறுபத்து நான்கு கிலோதான். மூன்றாம் வருடம் ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தபோது அவருக்குக் கீழே சிமெண்டுத் திண்டு இரண்டாகப் பிளந்தது. டாக்டர்கள் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு மற்றவர்களின் எலும்பைப் போலவே இருந்தது. வருடத்துக்கு ஒரு டன் அளவில் ஏறியதாகச் சிறை மருத்துவக் குறிப்பில் இருக்கிறது. அவரைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள், சாப்பாட்டு அளவை மாற்றவில்லை.

அவர் செய்தது காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2009ஆம் வருடம், ஒரு வெட்டு வழக்கில் தன்னை அடையாளம் காட்டிய தேசிங்கு என்ற மீனவரை, அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடலுக்கு இறங்கிய நேரத்தில், காலை ஆறரை மணிக்கு, மாரியப்பன் வெட்டிக் கொன்றார். அதற்கு முன்பு அவர் மேல் மூன்று வழக்குகள் இருந்தன. தேசிங்குவின் ஏழு வயது மகன் தீபன் அப்போது படகின் நிழலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தவரை மலரின் வீடு தாங்கவில்லை. முதல் நாளே முன்னறையின் தரை ஒரு முழம் இறங்கியது. மணலில் நடந்தால் முட்டிவரை புதைந்தார். கடைசியில் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவின் நுனியில் போய் உட்கார்ந்தார். அந்தக் கற்கள் மட்டும்தான் அவரைக் கேள்வி கேட்காமல் தாங்கின. குப்பத்து ஆட்கள் இரண்டு வாரம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அவரவர் வேலைக்குப் போனார்கள். அலை பெரிதாக இருந்த நாட்களில் இரண்டு படகுக்காரர்கள் மட்டும் தயங்கித் தயங்கி வந்து, அவர் காலில் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். கட்டிக்கொண்டார்கள். படகு அசையவில்லை.

காவல் நிலையத்தில் அவரை எந்த வகுப்பில் வைப்பது என்ற பிரச்சினை எழுந்தது. ரவுடிப் பட்டியலில் ஏ பிளஸ், ஏ, பி, சி என்று நான்கு வகுப்புகள் உண்டு. எத்தனை வழக்கு, யாரோடு சேர்க்கை, செய்த விதம் எப்படி என்று பார்த்துப் பிரிப்பார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் தங்கப்பாண்டி நேர்மையானவர், தன் எல்லையில் யாரும் சாகக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு கொள்கை கிடையாது. அவர் மாரியப்பனை ஏ பிளஸ்ஸில் போட்டார். ஆயுள் தண்டனையில் கிடைத்திருந்த முன்விடுதலையை ரத்து செய்து திரும்ப உள்ளே அனுப்பவும் பரிந்துரைத்தார். அதற்கு நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வேண்டும். அப்படித்தான் மகிழினி வந்தாள்.

"இவன் இனிமே எவனையும் வெட்ட வேண்டாம் மேடம். மேல லேசா சாஞ்சான்னா போதும், ஆளு காலி. இந்த ஊர்லயே இவனை விட ஆபத்தானவன் யாரு இருக்கா, சொல்லுங்க" என்றார் தங்கப்பாண்டி.

மகிழினிக்கு முப்பத்திரண்டு வயது. குற்றவியல் படித்தவள். அவள் பையில் இருபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருந்தது. முதல் குற்றம் எந்த வயதில், குடி உண்டா, வேலை உண்டா, பழைய கூட்டாளிகள் யார், செய்ததை ஒப்புக்கொள்கிறாரா என்று போகும். மொத்தம் நாற்பத்தெட்டு மதிப்பெண். முப்பதுக்கு மேல் போனால் ஆள் ஆபத்தானவர். அதுவரை முன்னூற்றுப் பன்னிரண்டு பேரை அவள் மதிப்பிட்டிருந்தாள். ஒரே ஒருமுறை தவறியது. கொருக்குப்பேட்டையில் ஏழு மதிப்பெண் பெற்ற ஒருவன் பதினோராவது வாரத்தில் மனைவியைக் கொன்றான். அந்தப் பெண் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டுதான் மகிழினி அந்த ஏழு மதிப்பெண்ணை எழுதியிருந்தாள். அன்றிலிருந்து படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியை எல்லோரிடமும் கடைசியில் கேட்டுவிடுவாள்.

மூன்று நாள் மதியவேளைகளில் குடையோடு கல்லின் மேல் உட்கார்ந்து மாரியப்பனைக் கேட்டாள். அவர் எதையும் மறைக்கவில்லை, எதற்கும் அழவும் இல்லை. ஒன்பது மதிப்பெண் வந்தது. கடைசியாக, "உங்களுக்கு யாரைப் பார்த்தா பயம்?" என்று கேட்டாள்.

"தேசிங்கு புள்ளையப் பாத்துத்தான்."

"அவன் உங்களை ஏதாவது செஞ்சிடுவான்னா?"

"அத்த செய்யட்டும் மேடம், அது அவன் பாடு. ஒருத்தன் அடிக்க வந்தா கை தானா மேல போவும்ல. நம்ப கை பழகின கை. இப்ப இந்த கை போய் மேல பட்டா அந்தப் புள்ள இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் மாரியப்பன். சொல்லிவிட்டுத் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பேசும்போதெல்லாம் அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்பதை மகிழினி அப்போதுதான் கவனித்தாள்.

கொல்லப்பட்டவரின் குடும்பத்தையும் விசாரிக்க வேண்டும் என்பது விதி. தேசிங்குவின் மனைவி குணசுந்தரி மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். மாரியப்பன் வந்ததில் ஏதாவது அச்சம் உண்டா என்று மகிழினி கேட்டபோது அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"அவனாண்ட இன்னா பயம் யம்மா? எனக்கு பயமெல்லாம் எம்புள்ளையப் பாத்துத்தான்."

தீபனுக்கு இருபத்திரண்டு வயது. தண்டையார்பேட்டை கிடங்கு ஒன்றில் சரக்குப் பார்க்கும் வேலை. அவன் மேல் ஒரு வழக்கு இல்லை, ஒரு டிராஃபிக் அபராதம்கூட இல்லை. "பீடி இல்ல, சரக்கு இல்ல, ஒரு பொண்ணு பின்னால போனது இல்ல. அந்தாளு வந்ததுலேந்து சாப்பாடும் எறங்கல. தெனமும் வேல முடிஞ்சு வந்து அந்தக் கல்லையே பாத்துகினு நிக்கிறான். நல்ல புள்ள யம்மா. அதான் பயமா கீது" என்றாள் குணசுந்தரி. பிறகு நறுக்கிய துண்டுகளை வாடிக்கையாளரின் பையில் போட்டாள்.

மகிழினி அன்று மாலையே தங்கப்பாண்டியிடம் போனாள். பதினோரு டன் ஆள் ஆபத்தில்லை, ஐம்பத்தைந்து கிலோ பையன்தான் ஆபத்து, அவனைக் கேட்க என் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை என்றாள். தங்கப்பாண்டி உடனே அவனைக் கூட்டிவந்து எழுதி வாங்குவதாகச் சொன்னார். மகிழினி தடுத்தாள். ஸ்டேஷனுக்குள் ஒருமுறை கூப்பிட்டு உட்காரவைத்தால் அவன் பெயருக்கு ஒரு தாள் பிறக்கும், அந்தத் தாளே அவனை மிச்சத்துக்கு இழுத்துப் போகும், நான் எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன் என்றாள். இன்ஸ்பெக்டர் சுவர் நாட்காட்டியில் நாட்களை எண்ணினார். "நாலு நாளு தாரேன். அதுக்குள்ள ஏதாச்சும் ஆச்சுன்னா நாம ரெண்டு பேரும் ராத்தூக்கம் இல்லாமக் கெடக்க வேண்டியதுதான்" என்றார்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்றரை மணி, தூண்டில் வளைவின் அடியில் இருபது பெண்களாவது மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். மகிழினி அறிக்கையில் கையெழுத்து வாங்குவதற்காகக் கல்லில் ஏறிப்போய் மாரியப்பனுக்குப் பத்தடி தள்ளி நின்றாள். தீபன் குளித்து, தலை வாரி, அம்மாவின் வஞ்சிரக் கத்தியோடு வந்தான். அவன் ஓடவில்லை. கல் கல்லாகப் பார்த்துக் காலை வைத்து வந்தான். மாரியப்பன் அவனைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் ஆழமாகச் சொருகிக்கொண்டார். பதினோரு டன்னுக்கு அடியில் போன கைகள்.

"வா நைனா" என்றார்.

மகிழினி வேண்டாம் என்று கத்திக்கொண்டு முன்னால் வருவதற்குள் தீபன் குத்திவிட்டான். எல்லா மனிதர்கள் உடம்பிலும் இறங்குவதைப் போலக் கத்தி இடது தோளில் இரண்டு விரற்கடை இறங்கியது. மாரியப்பனின் முகம் சுருங்கியது. தோள்கள் துடித்தன, அடியில் கல் நறநறவென்றது. ஆனால் கைகள் வெளியே வரவில்லை. இரண்டாவது குத்துக்கு ஓங்கியவன் அந்தக் கைகளைத் தேடினான். அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்ததும் கத்தியைக் கடலில் எறிந்தான். பிறகு, இந்த ஆளைத் தண்ணீரிலாவது தள்ளுவது என்று நினைத்தவனாக, குனிந்து இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து முழு பலத்தோடு இழுத்தான்.

மாரியப்பன் மேலே வந்தார். தூங்கும் குழந்தையைப் பாயிலிருந்து எடுப்பதைப் போல அவ்வளவு சுலபமாக வந்தார். வேகத்தில் தீபன் பின்னால் தள்ளாடி, சமாளித்து, அவரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். கீழே பேரம் நின்றுபோனது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர் சம்மட்டியை ஓங்கியபடியே நின்றார். மகிழினி தன்னை அறியாமல் கும்பிட்டிருந்தாள், பிற்பாடு அவளே அதைச் சொன்னாள். தரையை விட்டு ஒன்றரை அடி உயரத்தில் தொங்கிய மாரியப்பனின் கால்களில் செருப்பு இல்லை, விரல்கள் விரிந்து விரிந்து சேர்ந்தன.

"கீழ காத்து படுது நைனா" என்றார் அவர்.

தீபனுக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. கடல் இரண்டடியில் இருந்தது. அவன் கடலைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், தன் சட்டையில் பரவும் ரத்தத்தைப் பார்த்தான். அதற்குள் குணசுந்தரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மகனின் கையில் இருந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வருடமாக அவள் அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

"இன்னாடா நிக்கிற? எறக்காத. ரத்தம் ஊத்திகினு கீது பாரு. ஆஸ்பத்திரிக்கு எட்த்துகினு போ" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனான். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரண்டரை கிலோமீட்டர், உச்சி வெயிலில், கொன்றவனைக் கொல்லப்பட்டவரின் மகன் தூக்கிக்கொண்டு நடந்தான். கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்காமல் வரிசையாக நின்று வழிவிட்டன. பின்னால் மகிழினியும் குணசுந்தரியும், அவர்களுக்குப் பின்னால் மீன்காரப் பெண்களும் வந்தார்கள். வழி முழுக்கத் தீபன் பேசியது ஒரே ஒரு சொல். பாதி தூரத்தில் மாரியப்பன் வலி தாங்காமல் நெளிந்தபோது "ஆடாத" என்றான்.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியதும் நான்கு டைல்ஸ் உடைந்தன. எடை அப்படியே இருந்தது. அதன் பிறகு மலர் தூக்கிப் பார்த்தாள், குணசுந்தரி முயன்றாள், நான்கு போலீஸ்காரர்கள் சேர்ந்து முயன்றார்கள், துறைமுகத்து கிரேன் ஆபரேட்டர் அமீருதீன் பெல்ட் போட்டு இழுத்ததில் பெல்ட் அறுந்தது. தீபன் ஒருவனால்தான் முடிந்தது. அவனால் வேறு எந்தக் கனத்தையும் அப்படித் தூக்க முடியவில்லை. கிடங்கில் ஐம்பது கிலோ மூட்டைக்கு அவனும் மூச்சு வாங்கத்தான் செய்தான்.

மீன் வெட்டும்போது தவறிப் பட்டது என்று மாரியப்பன் எழுதிக் கொடுத்தார். மகிழினி நடந்ததை நடந்தபடியே பன்னிரண்டு பக்கம் எழுதினாள். நிரூபிக்க முடியாதவற்றை நீக்கித் தரும்படி மேலிடம் திருப்பி அனுப்பியது. குத்தையும் தூக்கியதையும் நீக்கியபோது ஒன்பது என்ற எண் மட்டும் மிஞ்சியது. முன்விடுதலை ரத்தாகவில்லை. தங்கப்பாண்டி மாரியப்பனை சி வகுப்புக்கு இறக்கினார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தீபன் பெயருக்குத் தாள் எதுவும் தொடங்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைதோறும் அவனும் ஸ்டேஷனுக்கு வரவேண்டியிருந்தது, வேறு யார் தூக்கி வருவது. முதல் ஏழு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எட்டாவது மாதம், அப்பா கடைசியாகத் தோளில் வைத்திருந்த வலை என்ன வலை என்று தீபன் கேட்டான். கவலை மீனுக்குப் போடும் கவலை வலை என்றார் மாரியப்பன். அதற்கு மேல் அன்று ஒன்றும் இல்லை. குணசுந்தரி அவரோடு இன்றுவரை பேசியதில்லை. தீபன் சாப்பிடுகிறான்.

போன ஆடியில் மாரியப்பனுக்குக் கண்ணில் புரை வளர்ந்து பார்வை மங்கியது. தீபன் அரைநாள் விடுப்புப் போட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான். வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் தூக்கியபடியே நின்றான். நாகர்கோவிலிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஷிஜி என்ற நர்ஸ் பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டு எழுதினாள். பிறகு தலை நிமிராமல், "கூட வந்திருக்கது யாரு, மகனா?" என்றாள்.

"இல்ல."

"பின்ன என்ன வேணும் இவருக்கு?"

தீபன் யோசித்தான். மாரியப்பன் மங்கிய கண்ணால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கறவன்" என்றான் தீபன்.

ஷிஜி உறவுமுறை என்ற இடத்தில் அதையே எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டு, காலையில் ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள்.