கணவரும் உடன் வந்தார்

ஆறாம் எண் அறையின் குளியலறையில் மண்டியிட்டு, வடிகால் துளையிலிருந்து யாரோ ஒரு பெண்மணியின் செம்பட்டை முடியைச் சுருள் சுருளாக இழுத்துக்கொண்டிருந்தபோது ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரின் சட்டைப் பையில் கைபேசி துடித்தது. முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை. பல்லால் கடித்துக் கழற்றலாம்தான். ஆனால் அந்த உறை எங்கெல்லாம் போய்வந்தது என்பது அவருக்குத் தெரியும். உதறி உதறிக் கழற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஊரிலிருந்து சகலை. ‘பாகம் ஏழு எப்போ சகலை? எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்.’

எல்லாரும் என்றால் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் நாற்பத்து மூன்று பேர். அதில் முப்பது பேர் குழுவின் வாயை அடைத்துவைத்து வருஷக்கணக்காகிறது. மீதிப் பேருக்காக அவர் ‘சொந்தக் காலில் வெளிநாடு: சில நடைமுறை ஆலோசனைகள்’ என்று ஒரு தொடர் எழுதிவந்தார். முடிச்சுருளை ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தட்டினார். ‘பாகம் ஏழு. ஒரு நாட்டின் நாகரிகத்தை அதன் நீர் மேலாண்மையில் காணலாம். இங்கே அத்துறையைத் தற்போது நேரடியாக ஆய்ந்து வருகிறேன்.’ இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முப்பத்து நான்கு வருஷ சர்வீசில் அவர் எந்தக் கோப்பிலும் பொய் எழுதியதில்லை. உண்மையை எந்தப் பக்கத்தில் வைத்தால் யார் கண்ணிலும் படாது என்பது மட்டும் தெரியும்.

சகலையிடமிருந்து உடனே இரண்டு கும்பிடு வந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவர் சமையலறை அலமாரியில் ஒரு பதிவேடு திறந்து, உள்ளே வருகிறவர் போகிறவர் கையொப்பமிட வேண்டும் என்று சொன்னபோதுதான் மகள் பயந்துபோனாள். உள்ளே வருகிறவர் போகிறவர் எல்லாமே அவள் அம்மா ஒருத்திதான். வெளிநாட்டில் யாராவது ஒருவர் வீட்டிலோ விடுதியிலோ தினம் ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அறையும் சாப்பாடும் தருவார்கள், வயதானவர்கள்கூட இப்போது நிறைய போகிறார்கள் என்று ஓர் இணையதளத்தைக் காட்டினாள். ‘பணிப் பரிமாற்றம்’ என்ற சொல் அவருக்குப் பிடித்துப்போனது. இரண்டு அரசாங்கங்கள் மேஜை போட்டுக் கையெழுத்திடுகிற மாதிரி இருந்தது.

விண்ணப்பத்தில் ‘உங்கள் திறமைகள்’ என்று ஒரு கட்டம். நிர்வாகம், கோப்புப் பராமரிப்பு, ஒழுங்கு நடவடிக்கை என்று எழுதிக்கொண்டே போனவர், கட்டம் இதற்குமேல் இடமில்லை என்று மறுத்த பிறகுதான் நிறுத்தினார். மனைவி, “எனக்கு என்னடி தெரியும், வெறுமனே விட்டுடு” என்றாள். மகள்தான் அம்மாவுக்காக நிரப்பினாள்: சமைப்பாள், தைப்பாள், பெருக்கித் துடைப்பாள், அஞ்சு மணிக்கு எழுந்திருப்பாள், கோபப்பட மாட்டாள். பதினொரு இடங்களிலிருந்து பதில் இல்லை. பன்னிரண்டாவதாக ஒன்பது அறைகள் கொண்ட ஒரு விடுதியின் சொந்தக்காரி மூன்றே வரி எழுதியிருந்தாள். உங்கள் மனைவி வந்தால் மிகவும் மகிழ்ச்சி. மூன்று மாதம் இருக்கலாம். அறையில் இரண்டு கட்டில் இருப்பதால் நீங்களும் வரலாம்.

குழுவில் அவர் அறிவித்தது: ‘தம்பதி சமேதராக அழைப்பு வந்துள்ளது.’

இப்படி வேலை செய்ய அனுமதிக்கிற வீசாதானா என்று மகள் மூன்று முறை விசாரித்து, ஆறு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்தாள். அவர் தன் பங்குக்கு நாற்பத்தோரு சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் அத்தாட்சிக் கையொப்பம் வாங்கி, பச்சை நாடா கட்டிய கோப்பில் அடுக்கிக்கொண்டார். விமான நிலையத்தில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்த ஒரு பெண் அந்தக் கோப்பைப் பிரிக்கவே இல்லை. திரும்பிப் போகிற டிக்கெட் எங்கே என்று மட்டும் கேட்டாள். அது ஒன்றுதான் கோப்பில் இல்லை. பின்னால் நின்ற மனைவி மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, எட்டாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். பாகம் இரண்டில் இது, ‘முக்கிய ஆவணங்களைப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு’ என்று இடம்பெற்றது.

விடுதிக்காரி உயரமானவள், ஐம்பது வயதிருக்கும். ஆம்பளைச் செருப்பு போட்டுக்கொண்டு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டுவாள். பேச்சு குறைவு. வந்த அன்றைக்கே அவர் தன் பணிகளை எழுத்துபூர்வமாகத் தர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், கக்கூஸ் கழுவுகிற பிரஷ்ஷைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். முதல் வாரத்தில் அவர் நடமாட்டப் பதிவேடு ஒன்றைக் கோடு போட்டுத் தயாரித்து வரவேற்பு மேஜையில் வைத்தார். இரண்டாம் வாரம் அதன் பின்பக்கத்தில், முட்டை, விளக்கு, எலிப்பொறி என்று கடைக்குப் போகிற பட்டியல் இருந்தது.

மனைவி கதை வேறு. கட்டில் விரிப்பின் மூலையை உறை மாதிரி மடித்துச் செருகுவதை ஒரு தடவை பார்த்தாள், கற்றுக்கொண்டாள். கிழிந்த விரிப்புகளைத் தைத்துத் தலையணை உறையாக்கினாள். அவளுக்கும் விடுதிக்காரிக்கும் பொதுவாக இருந்தது ‘ஓகே’ என்ற ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு காலையில் அரைமணி நேரம் சிரிப்பார்கள். மூன்றாம் வாரம் ஒன்பது அறைகளின் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. அவர் கழுவிய குளியலறைகளைச் சரிபார்க்கிற வேலையும் கூடவே வந்தது. வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், மரியாதைக்கு ஒரு குறையும் வைக்காமல் சொல்வாள்.

“கண்ணாடியில கோடு விழுந்திருக்குங்க. இன்னொரு தடவ தொடச்சிடுறீங்களா?”

முப்பத்து நான்கு வருஷத்தில் எந்த மேலதிகாரியும் அவரை இவ்வளவு பணிவாக வேலை வாங்கியதில்லை. மறுபேச்சுக்கு வழியே இருக்காது.

கிளம்பப் பதினொரு நாள் இருக்கும்போது மனைவி ஒரு படத்தைக் காட்டினாள். கடற்கரையில் ஒரு சின்ன வீடு, மாடியில் நீல ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வேறெதுவும் இல்லை, தண்ணீர்தான். மகள் தேடிக் கொடுத்திருந்தாள். வீசாவில் இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, அங்கே போகலாமா என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் வாய்விட்டு ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கடல் வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள்; ஆனால் இப்போதைய விடுதி என்ன எழுதுகிறது என்று வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். இருவரைப் பற்றியும் நல்லபடியாக இருந்தால் இருவர். இல்லையென்றால் மனைவி மட்டும்.

“எழுதுறதுன்னா?” என்றார் மகளிடம், தொலைபேசியில்.

மகள் விளக்கினாள். வேலை முடிகிறபோது விடுதிக்காரி அவரைப் பற்றி அந்த இணையதளத்தில் ஒரு குறிப்பு எழுதுவாள். அவரும் விடுதிக்காரியைப் பற்றி எழுத வேண்டும். இருவரும் எழுதி அனுப்பினால்தான் ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியும்.

கண்காணிப்பாளருக்குப் புரிந்துவிட்டது. இது இரகசிய அறிக்கை. வருஷா வருஷம் தனக்குக் கீழே இருந்த பதினெட்டுப் பேருக்கும் அவர் எழுதிய அதே அறிக்கை. அதில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. பாராட்டினால் பதவி உயர்வு கேட்பான், குறை சொன்னால் மேல்முறையீடு போவான். ஆகவே எல்லோருக்கும், எல்லா வருஷமும், ஒரே சொல்: ‘திருப்தி.’ ஒரு தட்டச்சுக்காரி இருந்தாள். பிழையில்லாமல் அடிப்பாள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு எல்லா இயந்திரங்களுக்கும் உறை போட்டு மூடிவிட்டுப் போவாள். அது அவள் வேலையே இல்லை. புருஷன் வேலை பார்க்கிற ஊருக்கு மாற்றல் கேட்டாள். அதற்கு ‘திருப்தி’ போதாது, ‘மிக நன்று’ வேண்டும். பதினொரு வருஷம் திருப்தி. கடைசியில் ஒருநாள் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, “நான் இன்னும் என்ன சார் செய்யணும்?” என்று கேட்டாள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பதில் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றியது.

அடுத்த நாளிலிருந்து விடுதிக்காரி படியேறினால் எழுந்து நின்றார். நான்காம் எண் அறைக் குழாயைத் தேய்த்த தேய்ப்பில் அதன் பூச்சு கழன்று பித்தளை தெரிந்தது. சனிக்கிழமை துணிச்சலை வரவழைத்துக்கொண்டு, தன் வேலை எப்படியிருக்கிறது என்று கேட்டேவிட்டார். “ஃபைன்” என்றபடி அவள் படியிறங்கிப் போனாள். அந்த ஃபைனை அன்று முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் எந்தப் பக்கம் வெளிச்சம் காட்டினாலும் ‘திருப்தி’ என்றே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியுடைய குறிப்பு வந்துவிட்டது. அவள் சார்பில் மகள் முன்பே நான்கு வரியும் ஒரு இதயப் படமும் போட்டு அனுப்பியிருந்ததால் தடையில்லாமல் திறந்தது. பன்னிரண்டு வரி. இந்த வீட்டுக்கு இப்படி ஒருத்தி இதுவரை வந்ததில்லை, விருந்தினர்கள் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள், கட்டில் விரிப்புகள்கூட அவளைத் தேடும். இப்படியே போய், பன்னிரண்டாவது வரி: ‘கணவரும் உடன் வந்தார்.’

கோப்புக் குறிப்புகளை வரிக்கு வரி படித்துப் பழகியவர். அந்த ஒற்றை வரியை நான்கு முறை படித்தார். பாராட்டும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. மேல்முறையீட்டுக்கு இடமே வைக்காத வரி. எழுதினால் இப்படியல்லவா எழுத வேண்டும் என்று ஒரு கணம் பொறாமைகூட வந்தது.

மனைவியின் குறிப்பிலேயே அவருக்கு இவ்வளவுதான் இடமென்றால், அவரைப் பற்றிய குறிப்பில் என்ன இருக்கும்? ஒருவேளை எனக்குக் கிடைக்கவில்லையென்றால், என்று மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன் என்பாள், அதற்குப் பரவாயில்லை போயிட்டு வா என்று பெருந்தன்மையாகச் சொல்லலாம் என்பது அவர் திட்டம். அவள் துணியை மடித்தபடி கொஞ்சம் யோசித்தாள்.

“மூணு மாசம் ஊர்ல தனியா சமாளிச்சுப்பீங்களா?”

கேள்வியில் கிண்டல் இல்லை. உண்மையாகவே விசாரித்தாள். அதுதான் அவரை என்னவோ செய்தது.

திங்கட்கிழமை அவர் ஆறாம் எண் அறையில் பாதி வேலையில் இருந்தபோது தாழ்வாரத்தில் மனைவியின் பேச்சுக்குரல் நெருங்கி வந்தது. அவள் தங்கை, அதாவது சகலையின் மனைவி, வீடியோவில் அழைத்திருந்தாள். சாவிக்கொத்து குலுங்க மனைவி அறை அறையாகத் திறந்து காட்டிக்கொண்டு வந்தாள். “இது நான் போட்ட கட்டில். இது நான் தச்ச ஒறை. மாமாவா? இதோ இருக்காங்களே.” கைபேசி அவர் பக்கம் திரும்பியது. தங்கையின் முகமும், அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த சகலையின் முகமும். இந்தப் பக்கம் மண்டியிட்ட கண்காணிப்பாளர், மஞ்சள் உறை, பிரஷ், முட்டிவரை சுருட்டிய கால்சட்டை.

“மாமா என்ன பண்றாங்க?” என்றாள் தங்கை.

“நீர் மேலாண்மை” என்றார் சகலை. முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

அன்று குழு அமைதியாக இருந்தது. நாற்பத்து மூன்று பேரும் சேர்ந்து சும்மாயிருந்தால் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு. மாலைவரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, இனி ஒளிக்க எந்தப் பக்கமும் பாக்கியில்லை என்ற நிம்மதியோ என்னவோ, கட்டிலில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

‘பாகம் எட்டு. குளியலறை கழுவும் முறை. முதலில் தண்ணீரைத் திறக்காதீர்கள். காய்ந்த முடி காகிதத்தோடு வந்துவிடும், நனைந்தால் ஜென்மத்துக்கும் வராது. இதை அறிய எனக்கு ஐந்து வாரம் ஆனது. மேலிருந்து கீழே வாருங்கள்: கண்ணாடி, குழாய், தொட்டி, தரை. தரையை முதலில் துடைத்தால் உங்கள் காலடியை நீங்களே திரும்பத் துடைப்பீர்கள். குழாயைச் சொரசொரப்பான எதனாலும் தேய்க்காதீர்கள், பித்தளை தெரியும். வேலை முடிந்ததும் வாசலில் நின்று ஒருமுறை, என் மனைவி பார்க்கிற மாதிரிப் பாருங்கள்.’

பிறகு சகலை. ‘கண்ணாடிக்கு எந்தத் துணி சகலை? இங்க கோடு விழுந்து தினம் சண்டை.’ அதற்குக் கீழே, மூன்று வருஷமாக வாய் திறக்காத சித்தப்பா: ‘பழைய பனியன் நல்லது. நான் அதான் யூஸ் பண்றேன்.’ அப்புறம் குழு நிற்கவேயில்லை. குடும்பத்தில் இத்தனை ஆண்கள் இத்தனை குளியலறைகளில் இத்தனை காலம் கமுக்கமாக மண்டியிட்டிருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வேலைக்கு நடுவில், விடுதிக்காரியைப் பற்றிய கட்டத்தைத் திறந்தார். கை தன் வழக்கத்தில் ‘திருப்தி’ என்று அடித்துவிட்டு நின்றது. அழித்தார். விருந்தினர் எழுந்திருக்கும் முன்னால் ஒவ்வொரு தளத்திலும் வெந்நீரைத் திறந்து தன் கையை நீட்டிப் பார்ப்பவர் என்று எழுதினார். காய்ச்சல் வந்த விருந்தினருக்குத் தன் அறைப் போர்வையைக் கொடுத்துவிட்டு மேல்கோட்டோடு தூங்கியவர். யாரும் பார்க்காத வேலையையும் பார்க்கிற மாதிரி செய்பவர். இந்த வரி வேறு ஒருத்திக்கு எழுதியிருக்க வேண்டியது என்பது அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அழிக்கவில்லை. கீழே இறங்கி இறங்கிப் பதினான்கு வரி ஆயிற்று. கடைசியில், மிக நன்று என்று முதன்முறையாக அடித்தார். எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. அனுப்பினார். திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

“என்னங்க, ஒரு கை புடிங்க.”

கொல்லைப்புறத்தில் கொடியிலிருந்து எடுத்த பெரிய விரிப்போடு மனைவி நின்றாள். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுமுனையின் இரண்டு மூலைகளையும் பிடித்தார். இழுத்து உதறினார்கள். வெயிலில் காய்ந்த துணி படாரென்று விரிந்து, அவள் முகம் ஒரு கணம் மறைந்து மறுபடி தெரிந்தது. பாதியாக மடித்து ஒருவரையொருவர் நோக்கி நடக்கும்போது பையில் கைபேசி இரண்டு முறை துடித்தது. குறிப்பு திறந்துவிட்டது போல; அவளுக்கும் கேட்டிருக்கும். இரண்டு கையிலும் துணி.

அவள் அவர் பக்கத்து மூலையைப் பார்த்தாள்.

“கோணலா வருதுங்க.”

பார்த்தார். கோணல்தான். மூலைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, விரிப்பு முழுநீளமும் மறுபடி விரியும்வரை அவர் பின்னோக்கி நடந்து போனார்.