குஞ்சு லோடு

லாரி இருமி இருமி நின்றபோது ஸ்டியரிங் அவள் கையில் இருந்தது. அதுதான் வினை. உரிமம் வாங்கி அவள் ஓட்டும் முதல் லோடு. பின்னால் பெட்டி பெட்டியாகப் பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள். வண்டி ஓடினால்தான் அவற்றுக்குக் காற்று. ஒரு பெட்டி செத்தாலும் உன் பெண்டாட்டிக்கு இனி ஸ்டியரிங் கிடையாது என்று முதலாளி அவள் புருஷனிடம் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

புருஷனுக்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவதும் மாமனாரிடம் கைநீட்டுவதும் ஒன்றுதான். ஸ்பானரோடு குதித்து இறங்கினான். இன்ஜினுக்கு டீசல் வரவில்லை என்று தெரிந்ததும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது. ஃபில்டரைக் கழற்றினான், சுத்தமாக இருந்தது. பைப்பைக் கழற்றி ஊதினான், அடைப்பில்லை. கழற்றியதெல்லாம் சாக்கின் மேல் கடைபரப்பிக் கிடந்தது. நடுவில், கியரை எப்படிப் போட்டாய் என்று ஒரு கேள்வி வேறு. கியருக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் ஏற ஏற, கீச்சுக் கீச்சென்ற சத்தம் குறைந்துகொண்டே போனது. அவள் படுதாவைத் தூக்கிக் கட்டினாள். அவன் முன்னாலிருந்து தேடட்டும், நாம் பின்னாலிருந்து வருவோம் என்று டீசல் டாங்கிக்கு அடியில் புகுந்தாள். டீசல் புறப்படும் இடத்தில் ஒரு குட்டி வால்வு. அது மூடியிருந்தது.

யார் மூடியது என்று கேட்கவே வேண்டாம். தனியாக ஓட்டிய காலத்திலிருந்தே அவன் பழக்கம் அது. எவனாவது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனால் கொஞ்ச தூரத்திலேயே நிற்கட்டும் என்று, வால்வை மூடிவிட்டுத்தான் கண்ணயர்வான். சாப்பிட நிறுத்திய இடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தான். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் வண்டியை எடுத்துவிட்டாள். திருடனுக்கு வைத்த பொறியில் பெண்டாட்டி மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க, வால்வு மூடியிருக்கு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

"அப்புறமா அசடு வழியலாம். மொதல்ல ஃபில்டர மாட்டுங்க."

மளமளவென்று மாட்டினார்கள். வால்வைத் திறந்துவிட்டு அவள் கைப்பம்பை அடிக்க, பைப்பில் புகுந்த காற்று வெளியேற அவன் நட்டைத் தளர்த்திப் பிடித்தான். முதலில் வெறும் நுரை. அடித்தாள், அடித்தாள், தோள் கழன்றுவிடும் போலிருந்தது. நுரை அடங்கி டீசல் தெளிவாக வழிந்ததும் அவன் நட்டை இறுக்கினான். அவள் ஏறிச் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, செருமியது, பிடித்துக்கொண்டது. அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வண்டி வேகமெடுக்க, பின்னால் கீச்சொலியும் எழுந்தது.

பண்ணையில் இறக்கும்போது எல்லாப் பெட்டியும் கூச்சல் போட்டது. அப்போது பார்த்து முதலாளி போனில் வந்தார். ஏன் தாமதம், அந்தப் பெண்தானே ஓட்டினாள் என்று அவர் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது.

புருஷன் தொண்டையைக் கனைத்தான்.

"ஓட்டுனது அவதான் மொதலாளி. நிறுத்துனது நான்."