வேண்டுமென்றே தோற்றவர்

ஜெயிப்பதற்கு மூளை இருந்தால் போதும். எதிராளிக்குச் சந்தேகம் வராதபடி வேண்டுமென்றே தோற்பதற்குத்தான் மூளையோடு பெரிய மனசும் வேண்டும் என்பது பல்காரரின் கட்சி. இரண்டுமே தன்னிடம் தாராளமாக இருப்பதாக ஐந்து வருடமாக அவருக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தில் மனுஷன் ஒரு சுற்றுப் பெருத்துக்கூடப் போயிருந்தார்.

பல்காரர் என்பது உறவுக்காரர்கள் வைத்த பெயர். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பொருத்தமாகப் பல் செய்து கொடுக்கிற லேப்பில் வேலை. பொய்ப் பல்லைப் பளிச்சென்று வெள்ளையாகச் செய்தால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஓரத்தில் துளி மஞ்சள், நடுவில் மயிரிழை போல ஒரு கீறல் வைத்தால்தான் அது நிஜப் பல். தன் தோல்விகளையும் அவர் அப்படித்தான் செய்தார். போனில் ஆடும் சதுரங்கத்தில் இருபது நகர்த்தல் ஒழுங்காக ஆடிவிட்டு, இருபத்தோராவதில் ஒரு குதிரையை அநாதையாக விட்டுவிடுவது. ராணியை ஏதோ கவனக்குறைவு மாதிரி ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்துவது. "அடடா, கவனிக்கலையே!" என்று அரட்டையில் ஒரு வரி தட்டிவிடுவது.

எதிராளி மாமனார். பஸ்ஸில் நாலு மணி நேரம் போனால் அவர் ஊர். எடையளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் கடைகடையாக ஏறித் தராசைச் சோதித்தவர். ஐம்பது கிராம் குறைத்து நிறுத்தார் என்று கடை வைத்திருந்த சொந்த மச்சானோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்தவர். ஓய்வு பெற்ற முதல் மாதம் வேலை ஒன்றும் இல்லாமல் தன் வீட்டுச் சமையலறைத் தராசையே தினம் மூன்று வேளை சோதிக்க ஆரம்பித்தார். அப்போதுதான் மகள் பயந்துபோய்ப் புருஷனிடம் வந்தாள்.

"ஏங்க, அப்பாவுக்கு செஸ் தெரியும். போன்லயே ஆடலாமாம். தினம் சாயந்தரம் ஒரு ஆட்டம் ஆடுங்களேன்."

ஆடினார். முதல் நாளே பதினோரு நிமிடத்தில் ஜெயித்தும்விட்டார். அதன் பிறகு நாலு நாள் மாமனாரிடமிருந்து பேச்சுமூச்சு இல்லை. போன் செய்தால் எடுக்கவில்லை.

"ஜெயிச்சு என்னத்தக் கண்டீங்க? கோப்பை குடுத்தாங்களா?" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். "இனிமே ஜெயிச்சீங்கன்னா பாருங்க."

அன்றிலிருந்து பல்காரர் தோற்க ஆரம்பித்தார். ஐந்து வருடம், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் ஆட்டங்கள். சந்தேகம் வராமலிருக்க மாதம் ஒன்றாவது ஜெயித்துக்கொள்ளலாம் என்று ஒரு திட்டமும் வைத்திருந்தார். ஏனோ ஜெயிக்கலாம் என்று முடிவு செய்து உட்கார்ந்த நாட்களிலெல்லாம் லேசாகத் தலைவலி, அல்லது வெளிச்சம் போதவில்லை. சரி போகட்டும், பெரியவர் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டும் என்று அதையும் பெருந்தன்மைக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் அந்த அப்டேட் வந்து மோதியது.

அப்டேட் என்றாலே பல்காரருக்கு ஆகாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, சும்மா உட்கார்ந்தால் வேலை போய்விடுமே என்று எவனோ குடைந்து பார்ப்பதற்குப் பெயர்தான் அப்டேட் என்பது அவர் கருத்து. போன முறை லேப்பின் ஸ்கேனருக்கு வந்த அப்டேட்டில் சேமிக்கும் பொத்தானும் அழிக்கும் பொத்தானும் இடம் மாறி, மூன்று கடைவாய்ப் பற்கள் காற்றோடு போயின. யாரோ ஒரு மனிதர் கூடுதலாக ஒரு வாரம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரிடமிருந்து போன் வந்தது. குரலில் பழைய ஆய்வாளர் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, ஆப்ல புதுசா ஒண்ணு குடுத்திருக்கான், பார்த்தீங்களா? 'ஆட்ட அலசல்'னு. நாம ஆடின ஒவ்வொரு நகர்த்தலுக்கும் கம்ப்யூட்டரே மார்க் போடுதாம். பழைய ஆட்டமெல்லாம்கூட அப்படியே இருக்கு."

"அதெல்லாம் எதுக்கு மாமா, சும்மா கண்ணுக்குக் கெடுதல்."

"அப்படிச் சொன்னா எப்படி? கடைசி ஆட்டத்துல இருந்து பின்னாடி ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்கப் போறேன். நோட்டு வாங்கிட்டேன். அதுவரைக்கும் சாயந்தர ஆட்டத்த நிறுத்தி வைப்போம்."

 போனை வைத்ததும் பல்காரர் ஏதோ ஒரு பழைய ஆட்டத்தைத் திறந்தார். போன மாதம் குதிரையைத் தாரைவார்த்த ஆட்டம். ஓரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் பட்டை. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பச்சையில் 'அருமை', மஞ்சளில் 'பரவாயில்லை', சிவப்பில் 'பெருந்தவறு'. அவர் குதிரையை விட்ட இடத்தில் கொட்டை எழுத்தில் சிவப்பு. பக்கத்தில் ஒரு குறிப்பு வேறு: 'இவ்வளவு எளிதான தவறை எப்படிச் செய்தீர்கள்?' பல்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி திறக்கத் தைரியம் வரவில்லை.

ஐம்பது கிராமுக்குப் பதினோரு வருடம் என்றால், ஆயிரத்து நானூறு ஆட்டத்துக்கு எத்தனை வருடம்? மனைவிக்கு அப்பா ஒருவர்தான் மிச்சம். அவரும் படியேறி வருவதை நிறுத்திவிட்டால்?

மறுநாள் லேப்பில், பற்களுக்குச் சாயம் தீட்டும் அக்காவிடம் கொட்டித் தீர்த்தார். அக்கா இடைவேளையில் போனில் பழங்களை உடைக்கிற விளையாட்டில் இரண்டாயிரத்து முந்நூறாவது கட்டத்தில் இருப்பவர். தலையைத் தூக்காமலே கேட்டுக்கொண்டார்.

"இதுக்குத்தான் தம்பி, கேம்னா எதிர்ல ஆளே இருக்கக் கூடாதுங்கறேன். நான் அஞ்சு வருஷமா பழம் உடைக்கிறேன். ஒரு பழமாவது என்கிட்ட கோவிச்சுக்கிச்சா?"

"அதை விடுங்கக்கா. ஆட்டத்தையெல்லாம் மொத்தமா அழிச்சுட முடியுமா, அதைச் சொல்லுங்க."

"உதவின்னு ஒரு பொத்தான் இருக்கும் பாருங்க. உதவ மாட்டான். கேட்டுப் பாருங்க."

கேட்டார். 'வணக்கம்! நான் உங்கள் சதுரங்க நண்பன். உங்கள் மகிழ்ச்சியே என் மகிழ்ச்சி!' என்று ஒரு பொம்மை கை ஆட்டியது. பழைய ஆட்டங்களை அழிக்க வேண்டும் என்று தட்டினார். 'அருமையான கேள்வி! அழிப்பதற்கு உங்கள் எதிராளியும் சம்மதிக்க வேண்டும். அவருக்கு இப்போதே கோரிக்கை அனுப்பட்டுமா?' என்றது பொம்மை. "ஐயோ வேண்டாம்!" என்று பல்காரர் வாய்விட்டே அலறினார். கையிலிருந்த முன்பல் உருண்டு மேஜைக்கடியில் போனது.

அந்த ஆத்திரத்தில் செயலிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, 'முன்பு நன்றாக இருந்தது. இப்போது குடும்பத்தைக் கெடுக்கிறது' என்று கருத்து எழுதினார். மாலைக்குள் பதினான்கு பேர் அது பயனுள்ளதாக இருந்தது என்று சொல்லியிருந்தார்கள். பாவம், அவர்கள் வீட்டில் என்னவோ.

வாரம் முழுக்க மாமனார் சரியாகப் பேசவில்லை. "பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்பார், வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை, "நாளைக்குக் கிளம்பி வரேன். நேர்ல பேச வேண்டிய விஷயம்" என்றார்.

"நான் ஜெயிக்க வேண்டாம்னுதான் சொன்னேன். மாட்டிக்கச் சொன்னேனா?" என்றாள் மனைவி.

"மாட்டாமத்தான் இருந்தேன். நடுவுல கம்ப்யூட்டர் வந்து போட்டுக் குடுக்கும்னு யாருக்குத் தெரியும்?"

சனிக்கிழமை மதியம் மாமனார் வந்தார். சாப்பிட்டார். கை துடைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து, பையிலிருந்து நீளமான நோட்டை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, தேதி, நகர்த்தல், நிறம் என்று கட்டம் பிரித்திருந்தது. மகள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாப்பிள்ளை, இதை எப்படிக் கேக்கறதுன்னு பஸ்ல வர்றப்பல்லாம் யோசிச்சேன். முந்நூறு ஆட்டம் பார்த்துட்டேன்..."

பல்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மாமா, நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். தப்பு என்மேலதான். நான் வேணும்னேதான் தோத்தேன்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ஆட்டத்துல?"

"எல்லாத்துலயும். முதல் ஆட்டத்தைத் தவிர."

"எல்லாத்துலயுமா?"

"நீங்க அன்னிக்குக் கோவிச்சுக்கிட்டு நாலு நாள் பேசலையே. அதான்."

"நான் எங்க கோவிச்சுக்கிட்டேன்? அந்த நாலு நாளும் பல் வலி. வாயத் திறக்க முடியல. உங்ககிட்டச் சொன்னா உடனே புடுங்கிட்டுப் புதுசு வைக்கணும்பீங்கன்னு போனே எடுக்கல."

சமையலறை வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம்.

மாமனார் சிரிக்கவில்லை. நோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் வந்த விஷயமே வேற மாப்பிள்ளை. நீங்க வர வர ரொம்ப மோசமா ஆடறீங்களே, வேலையில ஏதாவது தொந்தரவா, உடம்புக்கு ஏதாவதான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."  பிறகு சின்னக் குரலில், "அப்ப நான் ஒரு நாள்கூட நிஜமா ஜெயிக்கலையா?" என்றார்.

பல்காரருக்கு மேஜைக்கடியில் உருண்டுபோன பல்லோடு தானும் உருண்டுபோயிருக்கக் கூடாதா என்றிருந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வையில் சோறே வெந்துவிடும்.

ஆனால் முப்பத்தொரு வருடம் வியாபாரிகள் சொன்னதை ஒரு நாளும் அப்படியே நம்பாதவர், மாப்பிள்ளை சொல்வதை மட்டும் நம்புவாரா? மாமனார் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி. வாய்ப்பேச்சு வேண்டாம். சோதிச்சுப் பார்த்துடுவோம். நீங்க வேணும்னே தோத்த ஆட்டம் ஒண்ணச் சொல்லுங்க."

"பெருமழை பெய்ஞ்ச அன்னிக்கு ஒண்ணு, மாமா. ராணியவே தூக்கிக் குடுத்தேனே." அதைச் சொல்லும்போது தன்னையறியாமல் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. அவருடைய மிகச் சிறந்த தோல்வி அது.

மாமனார் தேதியைத் தேடி ஆட்டத்தைத் திறந்தார். இரண்டு தலைகளும் போன்மேல் குனிந்தன. ராணியைக் கொடுத்த நகர்த்தலுக்கு நேரே பச்சை நிறம். 'அருமை!'

"இது தப்பா காட்டுது" என்றார் பல்காரர்.

"பட்டையப் பாருங்க. அதுக்கு நாலு நகர்த்தல் முன்னாடியே உங்க ஆட்டம் முடிஞ்சுபோச்சு. ராணியக் குடுத்ததாலதான் ரெண்டு நகர்த்தல் கூட உயிரோட இருந்திருக்கீங்க. வேற வழியே இல்லையாம், எழுதியிருக்கான்."

"வேற ஒண்ணு பார்க்கலாம் மாமா. நட்டநடுவுல நின்ன சிப்பாய விட்டுக் குடுத்தேனே, அது."

பச்சை.

"யானைய மூலையில அடைச்சுக்கிட்டது?"

மஞ்சள். அதற்கு ஏழு நகர்த்தல் முன்பே, பல்காரர் அருமையான திட்டம் என்று நினைத்து ஆடிய ஒன்றில் பளீரென்று சிவப்பு.

மகள் இப்போது மறைக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, அடுத்தது பாருங்கப்பா, அடுத்தது!"

இருபது ஆட்டம் பார்த்தார்கள். ஒவ்வொரு பச்சைக்கும் மாமனாரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. பல்காரரின் முதுகு கொஞ்சம் சோபாவுக்குள் போனது. கடைசியில் மாமனார் நோட்டில் கூட்டல் போட்டு, தீர்ப்பு சொல்கிற தொனியில் அறிவித்தார்.

"இருபதுல ரெண்டு. அந்தக் குதிரை ஆட்டம், அப்புறம் என் பிறந்தநாள் ஆட்டம். இந்த ரெண்டுலதான் உங்களால தோக்க முடிஞ்சிருக்கு. மத்த பதினெட்டும் நானா ஜெயிச்சது. சரக்கு சுத்தம்."

"முதல் ஆட்டம் நான் ஜெயிச்சேனே மாமா" என்றார் பல்காரர், கரையேறப் புல்லைப் பிடிக்கிறவர் மாதிரி.

"பல் வலியில ஆடினது அது. ஆனாலும் உங்க கணக்குலயே இருக்கட்டும்."

பல்காரர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது, அதில் சந்தேகமில்லை. பெரிய மனசு என்று ஐந்து வருடமாகச் சுமந்தது வெறும் சுமாரான ஆட்டம் என்று ஒரு போன் சொல்லிவிட்டது. ஆனால் பக்கத்தில் மாமனார் நோட்டை மூடி அதன்மேல் கை வைத்திருந்த விதத்தைப் பார்த்தபோது, நல்லவேளை நமக்கு ஆடத் தெரியவில்லை என்றுதான் தோன்றியது. சுமையை இறக்கி வைத்ததில் தோள்கூட லேசாக இருந்தது. அந்த ஒரு நட்சத்திரத்தை மூன்றாக்கிவிடலாமா என்று யோசித்தார். அஞ்சு கொடுக்க மனசு வரவில்லை. அது எழுதிய குறிப்பை மறக்க முடியுமா?

"இப்ப ஒண்ணு ஆடுவோமா?" என்றார் மாமனார். "நிஜமா."

ஒரே சோபாவில், ஆளுக்கொரு ஓரமாக, ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். பல்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை, எதையும் தற்செயலாக விட்டுக் கொடுக்க வேண்டியதில்லை என்றதும் பலகையில் அவர் இதுவரை கண்டிராத ஆபத்துகள் வரிசையாகத் தெரிந்தன. அத்தனையும் அவர் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. பதினைந்தாவது நகர்த்தலில் நெற்றி வேர்த்தது. தேநீர் வந்தது; ஆறியது.

"அந்த யானைய அங்க வெச்சா என்ன ஆகும்னு யோசிங்க" என்றார் மாமனார் ஆதரவாக. "அவசரமே இல்ல. நல்லா யோசிங்க. முன்னெல்லாம் சட்டுனு ஆடுவீங்களே..."

"மாமா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பல்காரருக்கே உறைத்தது. கல்யாணமான இத்தனை வருடத்தில் மாமனாரிடம் குரலைக்கூட உயர்த்தியதில்லை. மனைவி ஆறின தேநீரை எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

 மாமனார் மகளைப் பார்த்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பண்டிகைக்குப் புதுச்சட்டை கிடைத்த பையன் மாதிரி கால்களை மடக்கிச் சோபாவில் ஏற்றி, வசதியாக உட்கார்ந்து காத்திருந்தார்.