தூக்கிப் பார்க்காத வால்

வயிறு கீழே இறங்கி, விலாவில் பள்ளம் விழுந்து, மடி கட்டிக் காம்பு மினுங்கினால் ஆடு ஈனப்போகிறது என்று அண்ணிக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. இருபது வருடமாக அந்தக் கொட்டகையே கதி என்று கிடந்தவள். அவள் சாயங்காலம் என்றால் சாயங்காலம்தான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்று மத்தியானம் அவள் உள்ளே நுழைந்தபோது, நாத்தனாரின் கறுப்பு ஆடு ஓர் ஈரக்குட்டியை நக்கிக்கொண்டு நின்றது. புருஷனை விட்டு வந்த நாத்தனார் கையோடு கொண்டுவந்த ஒரே சொத்து அந்த ஆடு. தலைச்சினை வேறு. பொட்டைக்குட்டி விழுந்தால் அதை வைத்தே சொந்தமாக மந்தை சேர்க்கலாம் என்று அவள் மனக்கோட்டை கட்டியிருந்தாள்.

பக்கத்தில் கிழட்டு வெள்ளை ஆடு நிலைகொள்ளாமல் கத்திக்கொண்டிருந்தது. அதற்கும் வலி கண்டுவிட்டது என்று அண்ணி நினைத்தாள். அது நிம்மதியாக ஈனட்டும் என்று கறுப்பையும் குட்டியையும் பின்கட்டு அறைக்கு ஓட்டினாள்.

"அண்ணி, கறுப்போட வாலைத் தூக்கிப் பாத்தீங்களா? ரத்தக்கறையே காணோம். வயிறும் அப்படியே இருக்கு" என்றாள் நாத்தனார்.

"கண்ணு முன்னாடி குட்டி நிக்குது, இன்னும் என்ன சாட்சி வேணும்? நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்காதே."

அண்டியிருக்கிற வீட்டில் எவ்வளவு பேசலாம் என்று நாத்தனாருக்குத் தெரியும்.

சாயங்காலம் தண்ணீர் காட்டப் போனால், வெள்ளை ஆட்டின் பின்னால் நஞ்சுக்கொடி தொங்குகிறது. விலா ஒட்டிப்போயிருக்கிறது. குட்டி வெள்ளையுடையது! தன் நேரம் நெருங்கிய பரபரப்பில், அடுத்தவள் பிள்ளையைக் கறுப்பு தன் பிள்ளையாக்கிக்கொண்டிருக்கிறது. சினை முற்றிய ஆடு இப்படிச் செய்யும் என்பது அண்ணிக்குத் தெரியாததா! பின்கட்டு அறைக்கு ஓடினாள்.

கறுப்பு இன்னும் அந்தத் திருட்டுக்குட்டியைத்தான் நக்கிக்கொண்டிருந்தது. காலடியில் அதன் சொந்தக்குட்டி, மூக்கை மூடிய சவ்வோடு கிடந்தது. அண்ணி சவ்வைக் கிழித்தாள். பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டினாள். வைக்கோலால் தேய்தேய் என்று தேய்த்தாள். உடம்பில் சூடு இருந்தது, மூச்சில்லை. பொட்டைக்குட்டி.

நாத்தனார் வந்து குனிந்து தொட்டாள். அந்தச் சூடு அவள் கைக்கும் தெரிந்திருக்கும். வெள்ளையின் குட்டியைத் தூக்கிப்போய் வெள்ளையிடமே விட்டாள்.

வேலை முடிந்து வந்த அண்ணன் கேட்டான். "எப்படிச் செத்துச்சு?"

"வயித்துக்குள்ளயே செத்துருச்சுண்ணே. யாரு என்ன பண்ண முடியும்?" என்றாள் நாத்தனார்.

அண்ணன் பெண்டாட்டியைப் பார்த்தான். நான்தான் பார்க்காமல் விட்டேன் என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாங்க" என்றாள் அண்ணி.

வாலைத் தூக்கிப் பார்க்காததை அவசரம் என்று அவள் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இந்த 'ஆமாங்க'வுக்கு என்னவென்று சொல்லிக்கொள்வாள்?