முழங்கால் தண்ணீர்

உத்தனப்பள்ளி கோவிந்தப்பன் நாற்பத்திரண்டு வயது வரை கடலைக் கண்டதில்லை. அவருடைய தமையனார் ராமப்பனும் கண்டதில்லை. துவாரகைக்குப் போய்க் கடலில் ஒரு முழுக்குப் போட வேண்டுமென்று பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்த ராமப்பன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருடம் தை மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அவருடைய அஸ்தியைச் சிறிய பித்தளைச் சொம்பிலிட்டு, வாயை மஞ்சள் துணியால் இறுகக் கட்டி, அவர் மனைவி வெங்கடம்மாள் கொழுந்தனிடம் கொடுத்தார்.

"உங்கண்ணன் உசுரோட போவல. நீயாச்சும் கொண்டுபோயி, பேரு சொல்லி, உங் கையால தண்ணியில விடுப்பா. வேற யார்கிட்டயும் குடுத்துறாத."

"சரிங்க அண்ணி," என்றார் கோவிந்தப்பன்.

துணைக்கு மனைவியின் தமையன் சென்னப்பன் வந்தார். பெங்களூரில் ரயிலேறி, எங்கெங்கோ வண்டி மாறி, துவாரகை போய்ச் சேர நான்கு நாட்களாயின. அத்தனை நாளும் கோவிந்தப்பன் சொம்பை மடியிலிருந்து இறக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் துறைக்குப் போனார்கள். படிக்கட்டுகள் இருந்தன, அவற்றின் கீழே தண்ணீர் இல்லை. ஈர மணல் பரந்து கிடந்தது. வெகுதொலைவில் வெள்ளைக் கோடு ஒன்று மினுங்கியது.

"மச்சான், கடலே வத்திப்போச்சே!"

"சித்திரை மாசமில்ல மாப்ளே? நம்ம ஏரி மட்டும் வத்துது, இது வத்தாதா?" என்றார் சென்னப்பன். அவரும் கடலை அன்றுதான் பார்க்கிறார்.

ஏரி வற்றினால் என்ன செய்வதென்று எங்கள் பக்கத்து மனிதருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நடு ஏரிக்குப் போய் மணலைத் தோண்டினால் ஊற்று கிடைக்கும். கைகால் கழுவிச் சுத்தமாகி, அதன்பின் அந்த வெள்ளைக் கோடு வரை நடந்து அண்ணனைக் கரைக்கலாம் என்று கோவிந்தப்பன் நினைத்தார். சென்னப்பனைப் படியில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். மேடான இடமாகப் பார்த்துச் சொம்பை வைத்தார். பத்தடி தள்ளி மண்டியிட்டுத் தோண்டலானார்.

எவ்வளவு நேரம் தோண்டினாரோ, பாதங்களில் சில்லென்றது. திரும்பினார். மணலைக் காணவில்லை. நாலா பக்கமும் தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. மழையில்லாமல் ஏரிக்குள் தண்ணீர் வருகிறதென்றால் அதற்கு ஒரே காரணந்தான் அவருக்குத் தெரியும்: மேலே ஏதோ ஓர் ஏரியின் கரை உடைந்திருக்க வேண்டும்.

"ஏரி ஒடைஞ்சிருச்சு! மச்சான், ஓடு, ஓடு!"

அவர் ஓடினார். வேட்டி அவிழ்ந்ததையும் பாராமல் ஓடிப் படியேறி, மேல்படியில் விழுந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தார். அவர் விட்டு வந்த இடத்தில் வயதான இரண்டு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிதானமாக நீராடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் அவர்களுடைய முழங்காலைத் தாண்டவில்லை. படியில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். சொம்பு மஞ்சள் துணியோடு சற்றுத் தூரம் மிதந்து சாய்ந்து முழுகியது.

"மாப்ளே," என்றார் சென்னப்பன் மெதுவாக, "அண்ணன விட்டுட்டு வந்துட்டியேப்பா."

திரும்பும் ரயிலில் அவரே வேறுவிதமாகப் பேசினார். "அஸ்தி கடல்லதான போச்சு? இதுக்குப் போயி பட்டினி கெடக்கற? நான் வாயத் தொறக்க மாட்டேன். அக்கம்பக்கத்துல யாருக்குத் தெரியப்போவுது?"  வெறும் மடியின்மேல் கைகளை எப்படி வைத்துக்கொள்வதென்றே கோவிந்தப்பனுக்குத் தெரியவில்லை.

உத்தனப்பள்ளியில், தூர யாத்திரை போய் வருகிறவரை வாசலிலேயே நிறுத்திப் பலகைமேல் ஏற்றி, வீட்டுக்கு மூத்தவரே அவருடைய பாதங்களைக் கழுவுவது வழக்கம். கழுவிய நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் தாமும் போய்வந்த புண்ணியம் என்பார்கள். வெங்கடம்மாள் பலகை போட்டு, மஞ்சள் கரைத்த தண்ணீரோடு காத்திருந்தார். அண்டை வீட்டார் நாலைந்து பேர் சூழ்ந்து நின்றார்கள்.

கோவிந்தப்பன் பலகைமேல் ஏறினார். அண்ணியின் கை அவருடைய காலைத் தொட்டது.

"பேரு சொன்னியாப்பா?"

தலையாட்டியிருந்தால் போதும். சென்னப்பன் கண்ணால் அதைத்தான் சொன்னார். கோவிந்தப்பன் காலை இழுத்துக்கொண்டு பலகையிலிருந்து இறங்கிவிட்டார்.

"சொல்லல அண்ணி. கையாலயும் விடல. தண்ணி வந்துச்சு... பயந்து ஓடியாந்துட்டேன். சொம்ப அங்கயே போட்டுட்டு."

வெங்கடம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்ளோ தண்ணி?"

இந்தக் கேள்விக்குத்தான் கோவிந்தப்பன் நான்கு நாட்களாக அஞ்சிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் மட்டும்."

கூட்டத்தில் யாரோ 'க்ளுக்'கென்று சிரித்து அடக்கினார்கள். வெங்கடம்மாள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "அண்ணா, நீ ஏறு," என்று சென்னப்பனைக் கூப்பிட்டார்.

"எனக்கு எதுக்கும்மா? நான் படியிலதான குந்தியிருந்தேன்?"

"ஏறுண்ணா."

சென்னப்பன் கூசிக் கூசி ஏறினார். வெங்கடம்மாள் அவருடைய பாதங்களைப் பொறுமையாகக் கழுவி, நீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். பிறகு மீதித் தண்ணீரைக் கோவிந்தப்பனின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீயே கழுவிக்கிட்டு உள்ள வா. களி ஆறுது."

எல்லோரும் உள்ளே போனபின்பும் கோவிந்தப்பன் அந்தத் தண்ணீரைத் தொடாமல், புழுதிக் காலோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.