கடைசி வரிக்குப் போன படிக்கட்டு

நோட்டீஸ் கட்டைப் பிரித்ததும் தையல்காரம்மாவின் முகம் வாடிப்போனது. வார்டு தேர்தலில் சுயேச்சையாக நிற்கும் அவள், ஜெயித்தால் செய்யப்போகிற ஏழு வேலைகளைத் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தாள். தெருவை அடைத்து நிற்கும் வாசற்படிகளை எடுத்து, ஆம்புலன்ஸ் உள்ளே வர வழி செய்வது அதில் முதல் வேலை. அச்சில் அது ஏழாவதாகக் கிடந்தது. முதல் வரியில் குடிதண்ணீர் ஏறி உட்கார்ந்திருந்தது.

அச்சகத்துக்குப் போனது கொழுந்தன். தேர்தலுக்காக ஓடியாடி உழைப்பவன் அவன் ஒருவன்தான். புருஷன் இறந்துபோன இந்த இரண்டு வருஷத்தில் அவள் வீட்டு அடுப்பு ஒரு நாளும் அணையாமல் பார்த்துக்கொண்டவனும் அவனே. அவனா இப்படி மாற்றினான் என்று அவளுக்கு நம்ப முடியவில்லை. ஒரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு, தெரு வளைவில் இருந்த அவனுடைய மளிகைக் கடைக்கு நடந்தாள்.

"தம்பி, யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

அவன் தராசுத் தட்டைத் துடைத்தான். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தான்.

"படியை இடிப்பேன்னு முதல்ல போட்டா எவன் அண்ணி ஓட்டுப் போடுவான்? நம்ம தெருவுல படி இல்லாத வீடு எது?"

"என் வீடு. போன மாசமே இடிச்சாச்சு. பலகை போட்டுத்தான் ஏறுறேன். நான் நிக்கிறதே அந்த ஒரு வரிக்காகத்தான்னு உங்களுக்குத் தெரியாதா?"

கடையின் மூன்று படிகளும் அவர்கள் இருவருக்கும் நடுவே தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் புருஷன் போன அன்று மத்தியானம், ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். இந்த வளைவில் அது படியில் இடித்துத் திரும்பவில்லை. இறக்கி, சாய்த்து, மறுபடி தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்பக்கம் பிடித்திருந்தவன் இந்தத் தம்பிதான். அதைப் பற்றி இருவரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

"இடிக்கிறதுக்குப் பெரிய மனசு வேண்டாம் அண்ணி, கடப்பாரை போதும்" என்றான் அவன். "ஆனா இடிச்சா, ஏன் இடிச்சேன்னு கேப்பாங்க. அண்ணனை இதுதான் கொன்னுச்சுன்னு என் வாயால சொல்லணுமா?"

கேள்வி கேட்க வந்தவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனைச் சுட ஒரு சொல் போதும். அந்தச் சொல்லைக் கடவுள் அவள் நாக்கில் வைக்கவில்லை.

"காலையிலயே வலிக்குதுன்னு சொன்னாரு தம்பி. வாயுவா இருக்கும், வெந்நீர் குடிங்கன்னேன். ஒரு பெண்ணுக்குக் கல்யாண ரவிக்கை, மத்தியானத்துக்குள்ள குடுக்கணும். தைச்சு முடிச்சுட்டுத்தான் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டேன்."

அவன் மெல்ல இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு பேருமாய்ச் சுமந்தும் அந்தப் பாரம் குறையவில்லை. ஆனாலும் ஒருவர் மறைத்து வைத்திருந்ததை இன்னொருவர் பார்த்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இஸ்திரிக்காரர் தீப்பெட்டி வாங்க வந்தார்.

"என்ன, வேட்பாளர் வாசல்லயே கூட்டம் போட்டாச்சா? நீங்க ஜெயிச்சா தெருவையும் ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சிடப் போறீங்கம்மா!"

"ஏற்கெனவே பிடிச்சுத்தான்ணே இருக்கு. பிரிச்சு விடணும்" என்றாள் அவள்.

கொழுந்தன் அவள் கையிலிருந்த நோட்டீஸை வாங்கினான். காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, கடைசி வரிக்கு முன்னால் பெரிதாக ஒன்று என்று போட்டு நீட்டினான். இஸ்திரிக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அட, படியா? எல்லார் படியுமா? அப்ப உன் கடைப் படி?"

"இதுதான் முதல்ல" என்றான். "எங்க அண்ணன்..." அதற்கு மேல் வரவில்லை.

இஸ்திரிக்காரர் தீப்பெட்டியை மறந்து நின்றார். தையல்காரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று, தெருமுனையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.